மறுபடியும் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு

1

இந்த மாதத்தோடு நான் ஹூஸ்டனில் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் முடிகிறது. ஒரே வேலை, ஒரே கட்டடம். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம். வீட்டுக் கிணறுகள், பள்ளிக்கூடங்கள், நீச்சல் குளங்கள் என்று எங்கிருந்தெல்லாமோ சின்னச் சின்னப் புட்டிகளில் தண்ணீர் வரும். அதில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இந்தப் பத்து வருடத்தில் ஒரு எட்டு மாதம் மட்டும் நான் சூப்பர்வைசராக இருந்தேன். பிறகு நானே போய்க் கேட்டு அந்தப் பதவியிலிருந்து இறங்கிக்கொண்டேன். ஊருக்கு வரும்போது "அங்க என்னவா இருக்க?" என்று கேட்பவர்களிடம் இதை முழுதாகச் சொன்னதில்லை. ஆரம்பித்தால் அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில் போய் நிற்கும், கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். எழுதுவதில் ஒரு வசதி, உங்கள் கொட்டாவி எனக்குத் தெரியாது.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் "இந்த வாரம் ஓ.டி. உண்டு" என்றால், அதாவது ஓவர்டைம் காசு வரும் என்றால், எல்லோர் முகமும் மலரும். பள்ளிக்கூடக் கட்டணம், தீபாவளித் துணி எல்லாம் அதில்தான். ஆனால் அப்பாவுக்கு அதில் பெருமை இருந்ததில்லை. மணிக்கணக்குப் பார்த்து வாங்குகிறவன் கூலிக்காரன், மணி பார்க்காமல் மாதச் சம்பளம் வாங்குகிறவன் உத்தியோகஸ்தன் என்பது அவர் கண்ட உலகம். எம்.எஸ்ஸி. முடித்து பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் விரிவுரையாளராகச் சேர்ந்த அன்று அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"இனிமே நீ மாசச் சம்பளக்காரிட்டி. சங்கு ஊதினா ஓட வேண்டாம்."

அந்த மாதச் சம்பளக்காரி கல்யாணமாகி, டெக்சாஸுக்கு வந்து, கிரீன் கார்டுக்குக் காத்திருந்து, அது வந்த கையோடு மணிக்கு இத்தனை டாலர் என்று ஒரு வேலையில் சேர்ந்தாள். அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் "லேபில் வேலை" என்று மட்டும் எழுதினேன். எப்படிச் சம்பளம் என்று எழுதவில்லை.

2

பரிசோதனைக்கூடத்தில் என் மேலதிகாரி கேரல். அறுபதை நெருங்கும் டெக்சாஸ்காரப் பெண்மணி. ஒல்லியான உடம்பு, உரத்த குரல். 'செல்வி' என்ற என் பெயரை முதல் நாளே 'சில்வி' ஆக்கிவிட்டார், அப்படியே நிலைத்துவிட்டது. காலையில் வந்ததும் கார்டை இயந்திரத்தில் செருகி நேரம் பதிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் பதிக்க வேண்டும். மாலை ஐந்துக்கும் அப்படியே. கல்லூரியில் ஸ்டாஃப் ரூமுக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து பழகிய எனக்கு அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்பது ஆரம்பத்தில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சேர்ந்து சில வாரங்கள் இருக்கும். மாலையில் தாமதமாக வரும் புட்டிகளை அன்றைக்கே எடுத்து வைக்காவிட்டால் மாதிரி வீணாகிவிடும். நான் ஐந்து மணிக்குக் கார்டைப் பதித்துவிட்டு, திரும்ப உள்ளே போய் மிச்ச வேலையை முடித்துவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தேன். யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் அப்படிச் செய்கிறவர்களுக்குத்தான் நல்ல பெயர். அதோடு, கூடுதல் நேரத்தைக் கார்டில் பதித்தால் காசு கேட்பது போலிருக்கும் என்ற எண்ணமும் இருந்தது.

ஒரு நாள் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்த கேரல், நான் குனிந்து தட்டுகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

எத்தனை நாளாக இப்படி நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். எந்தெந்த நாள், எவ்வளவு நேரம் என்று என்னையே யோசித்துச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அவ்வளவுக்கும் சம்பளம் போட்டாக வேண்டும், நாற்பது மணிக்கு மேல் போன வாரங்களில் ஒன்றரை மடங்கு என்றார். எனக்குப் பணம் வேண்டாம், நானாக ஆசைப்பட்டுத்தான் செய்தேன் என்று நான் மன்றாடினேன். அப்போதுதான் அவர் குரல் தணிந்தது.

"சில்வி, நீ எனக்கு இதைப் பரிசாகக் கொடுக்கிறாய் என்று புரிகிறது. வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை."

அன்று மாலை காரில் உட்கார்ந்து அழுதேன். நல்ல எண்ணத்தோடு செய்ததற்குத் திருடியைப் போல விசாரித்துவிட்டார்களே என்று இருந்தது. அது என்ன மாதிரியான மரியாதை என்பது புரிய எனக்கு வருடங்கள் ஆயின.

என் கணவர் பைப்லைன் வடிவமைக்கும் கம்பெனியில் எஞ்சினியர். அவருக்குக் கார்டும் கிடையாது, இயந்திரமும் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டு தினமும் மூடியே கிடக்கும். நான் அழுததைக் கேட்டுவிட்டு, "உனக்கு அந்தச் சட்டம் உண்டு, எனக்குக் கிடையாது. நான் எக்ஸெம்ப்ட்" என்றார். எனக்குத் தெரிந்த எக்ஸெம்ஷன் எல்லாம் நல்ல சமாச்சாரம். பரீட்சைக் கட்டணத்திலிருந்து விலக்கு, வருமான வரியிலிருந்து விலக்கு. அந்த வாரம் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்ட் கோவிலில் பிரசாதத் தட்டோடு நின்றபோது, அக்கவுண்டன்டாக இருக்கும் ஒரு அங்கிளிடம் எங்கள் வீட்டுக்காரர் எக்ஸெம்ப்ட் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவருக்குப் புளியோதரை புரையேறிவிட்டது.

"அம்மா, விலக்கு அவருக்கு இல்ல. அவருக்கு ஓவர்டைம் குடுக்கறதுலேருந்து கம்பெனிக்கு விலக்கு."

3

மகள் காவ்யா ஒன்றாம் வகுப்புக்குப் போகத் தொடங்கிய வருடம் நாங்கள் பேர்லேண்டில் வீடு வாங்கினோம். இரண்டு பேர் சம்பளத்தையும் காட்டித்தான் கடன் கிடைத்தது. அதே வருடம் எங்கள் பரிசோதனைக்கூடத்தை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. கேரல் கிருமிப் பிரிவுக்குப் பொறுப்பாகத் தொடர்ந்தார். அவருக்கு மேலே கிரெக் என்ற இளைஞர் மேனேஜராக வந்தார். நல்ல மனிதர். எல்லோர் குழந்தைகளின் பெயரையும் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். என்னை சூப்பர்வைசர் ஆக்கியிருப்பதாகச் சொன்னார். இனி வருடச் சம்பளம், கார்டு பதிக்க வேண்டாம், பெயர் அச்சிட்ட விசிட்டிங் கார்டு உண்டு. தொகையைக் கேட்டதும் தலை சுற்றியது. என் மணிக்கூலியை வருடத்துக்குப் பெருக்கினால் வருவதைவிட நன்றாகவே கூட.

அன்றைக்கே அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். பக்கத்துக் கடையில் ஃபோன் வந்திருக்கிறது என்று ஆள் போய்ச் சொல்ல, அவர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"மாசச் சம்பளமா?"

"ஆமாப்பா. எனக்கு இனிமே ஓ.டி. கிடையாது."

"அப்ப ஆபீசர்னு சொல்லு" என்றார். பிறகு ரிசீவரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். அம்மா காலமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் அவருக்கு வந்த முதல் நல்ல சேதி அதுதான் என்று கடைக்காரர் எனக்குச் சொன்னார். தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாராம்.

4

சூப்பர்வைசர் ஆன பிறகு நான் செய்த வேலை முன்பு செய்த அதே வேலை. புட்டிகளைத் திறப்பது, தட்டுகளில் ஊற்றுவது, கிருமி வளரச் சூடான இன்குபேட்டரில் வைப்பது, மறுநாள் எடுத்து எண்ணுவது. மாறியது ஒன்றுதான். பிரிவில் கேரலுக்குக் கீழே இருந்த மற்ற மூவரும் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்கள், அவர்களை நிறுத்தி வைத்தால் கம்பெனிக்குச் செலவு. மிச்சம் எல்லாம் என் பக்கம் வந்து சேரும். மழைக்காலத்தில் கிணறுகளில் வெள்ளம் புகுந்து புட்டிகள் பெட்டி பெட்டியாக வந்தபோது சனிக்கிழமை போனேன். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டி வந்தது. கேரல் தன் அறையிலிருந்து என்னைப் பார்ப்பார். இப்போது அவர் என்னைக் கடிகாரத்தைக் காட்டி அனுப்ப முடியாது.

கோவிலில் ஞாயிறு தமிழ் வகுப்புக்குக் காவ்யாவை நான்தான் கூட்டிப் போவேன். அது நின்றது. பள்ளிக்கூடத்தில் மாலை வரைதான் பிள்ளைகளை வைத்துக்கொள்வார்கள் என்பதால், அவளை லிண்டா என்பவர் இரவு வரை நடத்தும் பிள்ளைகள் காப்பகத்தில் விட ஏற்பாடு செய்தோம். சாயங்காலச் சாப்பாடு ஃப்ரீசரிலிருந்து மைக்ரோவேவுக்கு மாறியது. அவளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, பீட்சா பிடிக்கும்.

ஒரு நாள் காலை தலை பின்னிக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் அவள் கொட்டாவி விட்டாள். முன்பல் இல்லை. எப்போது விழுந்தது என்று கேட்டேன். முந்தாநாள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா, நீ வேலையில் இருந்தாய், மிஸ் லிண்டாவிடம் காட்டினேன், அவர் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார் என்றாள். பிறகு, ஒரு தகவலைச் சொல்வது போல, கோபமே இல்லாமல், "நீயும் இப்ப அப்பா மாதிரி" என்றாள். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

அந்தக் கோபமில்லாத குரல்தான் என்னைக் கலக்கியது. அவள் பழகிவிட்டாள்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேரலிடம் போய் உட்கார்ந்தேன். இது சரிதானா, சட்டத்தில் இப்படி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தனக்கு முழுதாகத் தெரியாது என்று சொல்லி, தொழிலாளர் துறை அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்தார். அரசாங்க அலுவலகத்துக்கு ஃபோன் பண்ணுவது என்றாலே எனக்குப் பயம். ஊரில் சாதிச் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நின்ற நிற்பு அப்படி. போதாததற்கு ஆரம்பத்திலேயே உளறினேன். "எனக்கு ஒரு டவுட் இருக்கிறது" என்று நம்மூர் ஆங்கிலத்தில் சொல்ல, மறுமுனையில் இருந்தவர் யாரைச் சந்தேகப்படுகிறீர்கள் அம்மா என்று பதறினார். சந்தேகம் யார் மேலும் இல்லை, ஒரு கேள்விதான் என்று விளக்க வேண்டியதாயிற்று.

அந்த மனிதர் என் பெயரைக் கேட்கவில்லை. கம்பெனியின் பெயரையும் கேட்கவில்லை. இழுத்து இழுத்துப் பேசும் டெக்சாஸ் தமாஷோடு பொறுமையாகச் சொன்னார். ஓவர்டைம் கொடுக்காமல் இருக்க வேண்டுமானால் மாறாத சம்பளமாகக் கொடுக்க வேண்டும். அந்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். எவ்வளவு என்று கேட்டேன். வாரத்துக்கு இருநூற்றைம்பது டாலர் என்றார். நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று திரும்பக் கேட்டேன். அதேதான். எழுபதுகளில் வைத்தது, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை என்றார். குறைந்தபட்சக் கூலிக்கு வேலை செய்யும் ஹாம்பர்கர் கடைப் பையனே வாரம் முழுக்க நின்றால் கிட்டத்தட்ட அதற்குப் பக்கத்தில் வந்துவிடுவான். அந்த வரம்பை நான் எப்போதோ தாண்டியிருந்தேன். நாட்டில் பெரும்பாலானவர்கள் தாண்டியிருப்பார்கள்.

அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாதா என்று கேட்டேன். சம்பளம் மட்டும் போதாது, வேலையும் அப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்றார். பிறகு அவர் கேட்டார், உங்களுக்குக் கீழே எத்தனை பேர் அம்மா? யாரும் இல்லை என்றேன். எதையாவது நீங்களே முடிவு செய்கிறீர்களா? எல்லாம் எழுதி வைத்த முறைப்படிதான் செய்கிறோம் என்றேன். விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, செய்கிற வேலையைத்தான் பார்க்கும் என்று சொல்லிவிட்டு, நல்ல நாளாக அமையட்டும் என்று வைத்துவிட்டார். அரசாங்கம் என்னிடம் அவ்வளவு நேரம் தன்மையாகப் பேசியது அதுவே முதல் முறை.

என் கணவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "யாராவது ப்ரமோஷனைத் திருப்பிக் குடுப்பாங்களா செல்வி? இந்த ஸ்டேட்ல காரணம் சொல்லாமலே ஃபயர் பண்ணலாம். வீட்டு லோன் இருக்கு." அவர் சொன்னது எல்லாம் உண்மை. இரண்டு நாள் கழித்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே அவராகவே பேசினார்.

"கேட்டுரு. வேலை போனா வேற பாத்துக்கலாம். ஒரே வீட்ல ரெண்டு பேரும் எக்ஸெம்ப்டா இருந்தா அந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா?"

கிரெக்கின் அறைக்குப் போனேன். பழையபடி மணிக்கணக்குச் சம்பளம் வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சம்பளம் போதவில்லையா என்றார். இல்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா? இல்லை. அப்படி மாற்றினால் பார்ப்பவர்களுக்குப் பதவி இறக்கம் போலத் தெரியுமே, உங்களை நல்லபடியாக நடத்த வேண்டும் என்றுதானே செய்தோம் என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். அவர் வருத்தம் பொய்யில்லை. வீட்டில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன ஆங்கிலம் எல்லாம் மறந்துவிட்டது.

"கிரெக், எனக்குக் கீழே வேலை செய்வது ஒரு இன்குபேட்டர் மட்டும்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மேஜையில் வைத்தார். தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் பதில் இல்லை. அந்த நாட்களில் காலையில் அந்தக் கட்டடத்துக்குள் நுழையும்போதெல்லாம் என் மேஜை காலியாக இருக்குமோ என்று பார்ப்பேன். கிரெக் வழக்கம்போல் காவ்யாவைப் பற்றி விசாரிப்பதை நிறுத்தியிருந்தார். வீட்டில் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

கடைசியில் கம்பெனி வக்கீல் பார்த்துவிட்டு, நான் சொன்னது சரி என்று சொல்லிவிட்டாராம். என்னை மட்டுமல்ல, வேறு ஊர்களில் இதே பதவிப் பெயரோடு இருந்த இன்னும் சிலரையும் திரும்ப மாற்றினார்கள். கூடுதலாக வேலை செய்த வாரங்களுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். கிரெக் என்னிடம் அதைத் தந்தபோது, "நீங்கள் என்னிடம் வந்து கேட்டீர்கள். வேறு யாராவது கோர்ட்டில் போய்க் கேட்டிருப்பார்கள்" என்றார். அடுத்த வாரம் காவ்யாவைப் பற்றி விசாரித்தார். இந்த நாட்டைப் பற்றிக் குறை சொல்ல என்னிடமும் நிறைய இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் ஓரிடம் இருந்தது, சொன்ன பிறகும் என் மேஜை அங்கேயே இருந்தது. அதை நான் மறப்பதற்கில்லை.

5

அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. தெருவுக்கு மிட்டாய் கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது? ஃபோனில் "வேலை எப்படி இருக்கு" என்பார், "நல்லா இருக்குப்பா" என்பேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. பிறகு அவர் ஆறு மாத விசாவில் எங்களோடு தங்க வந்தார்.

வந்த வாரத்திலேயே கவனிக்கத் தொடங்கிவிட்டார். காரில்லாமல் எங்கும் போக முடியாத ஊர், அவருக்கு ஜன்னல்தான் பொழுதுபோக்கு. நான் தினமும் ஒரே நேரத்துக்கு வருகிறேன், மருமகன் இருட்டிய பிறகு வருகிறார். ஒரு மாலை நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆபீசருக்கு ஷிப்ட் உண்டாட்டி?"

கத்தியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேரல் என்னைச் சும்மா வேலை பார்க்க விடாதது, சூப்பர்வைசர் ஆனது, காவ்யாவின் பல், கிரெக்கிடம் போய்க் கேட்டது, மறுபடியும் மணிக்கணக்குக்கு வந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தார்.

"அப்ப ஓ.டி. உண்டா?"

"உண்டுப்பா. நாப்பது மணிக்கு மேல ஒன்றரை மடங்கு."

"ஒன்றரைதானா?" என்றார். முதுகு நிமிர்ந்துவிட்டது. "எங்களுக்கு மில்லுல ரெட்டை. சட்டமே அப்படித்தான். இவ்ளோ பெரிய நாட்டுல ஒன்றரைதான் குடுக்கானுவளா?"

அன்று இரவு அவர் மருமகனுக்காகக் காத்திருந்து, மில் சட்டத்தில் ஓ.டி. எப்படி வந்தது, சங்கம் எப்படிப் போராடியது என்று சாப்பிட விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். என் அப்பா தன் ஓ.டி.யைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை. உத்தியோகம் என்றால் மணி பார்க்காமல் இருப்பது என்று எனக்குச் சொல்லித் தந்தவர், எனக்கு ஐந்தரைக்கு வீட்டில் மகளோடு உட்காரக் கிடைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

அவர் ஊருக்குத் திரும்பும் முன் ஒரு சனிக்கிழமை எனக்கு வேலை இருந்தது. தானும் வருவதாகச் சொன்னார். வேட்டியும் ஸ்வெட்டருமாக வரவேற்பறையில் உட்கார்ந்தார். கேரல் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்தார். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். தன் அப்பா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் பார்த்தவர் என்றும், வாரக் கடைசியில் அவர் சம்பளச் சீட்டில் ஒரு மணி நேரம் விடுபட்டிருந்தால் வீடே இரண்டுபடும் என்றும் கேரல் சொன்னார். இத்தனை வருடத்தில் அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அப்பா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமல் நேராகக் கேரலைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார்.

"எம்பொண்ணு ஓசில வேலை பாக்கேன்னு வந்தப்போ நீங்க விடலையாமே. நல்ல காரியம் செஞ்சிய. எங்க மில்லுல அப்படிச் சொல்லுத மேஸ்திரிய நான் பாத்ததில்ல."

'ஓசி'க்கு என்ன ஆங்கிலம் என்று தடுமாறினேன். எப்படியோ சொல்லி முடித்தேன். கேரல் எழுந்து அப்பாவின் கோப்பையை வாங்கிக்கொண்டு போய் இன்னொரு முறை நிரப்பிக் கொண்டுவந்தார். சர்க்கரையில்லாத அந்தக் கசப்புக் காபியை அப்பா கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

திரும்பும்போது, ஃப்ரீவே நெடுஞ்சாலையில் ஏறியதும் அப்பா கேட்டார்.

"அந்த அம்மாட்ட நான் சொன்னத அப்படியே சொன்னியாட்டி?"

"சொன்னேன்பா."

"மேஸ்திரி சமாச்சாரத்தையும்?"

"அதையும்."

"அப்ப சரி" என்று சீட்டில் சாய்ந்தவர் பேர்லேண்ட் வரும் வரை தூங்கினார்.